சாம்பல் அள்ளுறதுல தொடங்குற பலி: லேவியராகமத்தை தினமும் வாழ்றது பத்தி

பைபிளை முதல்ல இருந்து வரிசையா படிச்சு முடிச்சிடணும்னு உட்கார்ற நிறைய பேர் நின்னு போற இடம் லேவியராகமம்தான். ஆதியாகமம் கதை கதையா போகும், யாத்திராகமம் செங்கடல் வரைக்கும் விறுவிறுன்னு போகும், அப்புறம் திடீர்னு காளை, ஆட்டுக்கடா, கொழுப்பு, குண்டிக்காய், ரத்தம் தெளிக்கிறதுன்னு பக்கம் பக்கமா வரும், "இதெல்லாம்தான் முடிஞ்சு போச்சே, நமக்கு எதுக்கு"ன்னு புரட்டிட்டு போயிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் போனேன். அப்புறம் ஒரு காலத்துல ஜெபம் பண்ண உட்கார்ந்தா வார்த்தையே வராம வறண்டு போய் கிடந்தப்போ இந்தப் புஸ்தகத்தோட முதல் ஏழு அதிகாரத்தை மெதுவா, ஒரு நாளைக்கு நாலஞ்சு வசனம்னு படிச்சேன், அப்போதான் இது வெறும் சடங்கு லிஸ்ட் இல்ல, ஒரு மனுஷன் தினமும் எப்படி கடவுள்கிட்ட வர்றதுங்கறதோட செய்முறைன்னு புரிஞ்சுது.

முதல்ல அந்த வார்த்தையவே பாருங்க. தமிழ்ல பலி, காணிக்கைன்னு வர்ற இடத்துல எபிரேயத்துல இருக்கிற பொதுச் சொல் கொர்பான். அதோட வேர் 'கிட்ட வர்றது'. அதாவது எதையோ இழக்கிறதுங்கறது அந்தச் சொல்லுல இல்லவே இல்ல, கிட்ட கொண்டு வர்றதுதான் இருக்கு. அதுக்குக் கீழ அஞ்சு வகை வருது: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. இது போக எண்ணாகமம் 28ல சொல்ற நித்திய பலி, அதாவது தினம் காலைல ஒரு ஆட்டுக்குட்டி, சாயங்காலம் ஒரு ஆட்டுக்குட்டி, கூடவே எண்ணெய்ல பிசைஞ்ச மாவு. மழை வந்தாலும் பண்டிகை வந்தாலும் ஓய்வுநாளா இருந்தாலும் அது நிக்காது.

இதை உள்ளான விஷயமா பாக்கிறது பின்னால வந்த யாரோ கண்டுபிடிச்சதுன்னு நினைக்க வேண்டாம், பைபிளுக்குள்ளயே அது ஆரம்பிச்சிடுது. 141ஆம் சங்கீதத்துல பாடுறவர் என் ஜெபம் தூபமாவும் என் கையெடுப்பு அந்திப்பலியாவும் இருக்கட்டும்னு கேக்கறார். ஆடு இல்ல, கை மட்டும்தான் இருக்கு, அதைத் தூக்கறார். 51ஆம் சங்கீதம் நொறுங்குண்ட ஆவிதான் தேவனுக்கேற்கும் பலின்னு சொல்லுது. மீகா, ஆமோஸ், ஏசாயான்னு தீர்க்கதரிசிகள் எல்லாரும் நியாயம் செய்யாம ஆட்டை மட்டும் கொண்டு வர்றவங்களை விடாம கண்டிச்சாங்க. அப்புறம் கி.பி. 70ல ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழிச்சிடுச்சு, பலிபீடமே போச்சு. யூத ரபிகள் அதோட நிக்கல, காலை ஜெபம் காலைப் பலிக்கு ஈடு, மத்தியான ஜெபம் சாயங்காலப் பலிக்கு ஈடுன்னு வகுத்தாங்க. யோகனான் பென் சக்காய்ங்கற ரபி, இடிஞ்ச ஆலயத்தைப் பார்த்து அழுத தன் சீஷன்கிட்ட, நமக்கு அதுக்குச் சமமான இன்னொரு பாவநிவாரணம் இருக்கு, அது இரக்கச் செயல்தான்னு சொன்னதா அவங்க மரபுல இருக்கு. கிறிஸ்தவங்க பக்கம் பவுல் ரோமர் 12ல ஜீவபலின்னு எழுதறார், எபிரெயர் 13 ஸ்தோத்திரபலின்னு சொல்லுது, 3ஆம் நூற்றாண்டுல ஓரிஜன்ங்கற கிறிஸ்தவ போதகர் லேவியராகமத்தை வச்சே பிரசங்கங்கள் பண்ணியிருக்கார், அதுல 16 லத்தீன்ல நமக்குக் கிடைச்சிருக்கு, பலிபீடத்து நெருப்பு உன் ஆத்துமாவுக்குள்ளயும் எரியணும்னு அதுல சொல்றார்.

சரி, இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துப்பாங்க. எனக்கு இங்கதான் ஒரு பெரிய கவலை. 'உள்ளான பலி'ன்னு சொன்ன உடனே நாம அதை மனசுல நினைச்சுக்கற ஒரு விஷயமா ஆக்கிடறோம். கண்ணை மூடி "ஆண்டவரே என்னை முழுசா ஒப்புக்கொடுக்கிறேன்"னு சொல்லிட்டு எழுந்துட்டா பலி முடிஞ்சுது. ஆடும் வேணாம், விறகும் வேணாம், கையில ஒரு துளி அழுக்கும் ஆகாது. ஆனா பவுல் எழுதினதை மறுபடி பாருங்க, உங்க எண்ணங்களை ஒப்புக்கொடுங்கன்னு அவர் எழுதல, உங்க 'சரீரங்களை'ன்னு எழுதறார். எபிரெயர்லயும் உதடுகளின் கனின்னு சொன்ன அடுத்த வசனத்துலயே நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறக்காதீங்க, இப்படிப்பட்ட பலிகள்மேல தேவன் பிரியமா இருக்கார்னு வருது. நொறுங்குண்ட ஆவின்னு சொன்ன 51ஆம் சங்கீதம்கூட எப்படி முடியுதுன்னு பாருங்க, பலிபீடத்துமேல காளைகளைப் போடுவாங்கன்னுதான் முடியுது. உள்ள இருக்கிறது வந்துட்டா வெளிய இருக்கிறது தானா கழண்டுடும்னு பைபிள் எங்கயும் சொல்லல.

இதை ரொம்ப அழகா சொன்னவர் ஃபைலோ, இயேசு வாழ்ந்த அதே காலத்துல அலெக்சாந்திரியால இருந்த யூத தத்துவவாதி. நியாயப்பிரமாணத்துல, அதாவது மோசேயோட சட்டத்துல, இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் உள்ளர்த்தம் தேடுற ஆள் அவர். ஆனா அவரே, உள்ளர்த்தம் தெரிஞ்சு போச்சு, இனி செய்ய வேணாம்னு விட்டவங்களைக் கண்டிக்கிறார். வெளிச் செயல் உடம்பு மாதிரி, உள்ளர்த்தம் உயிர் மாதிரி, உயிர் குடியிருக்கிற வீடு உடம்புதானே, அதைக் கவனிக்க வேண்டாமான்னு கேக்கறார். மாற்கு 7ல இயேசு சொன்னதும் இதே திசைதான், அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதை 'கொர்பான்'னு சொல்லி தப்பிச்சுக்கிட்டவங்களை அவர் கண்டிக்கிறார். கிட்ட வர்றதுக்கு இருந்த வார்த்தையையே விலகிப் போறதுக்கு யூஸ் பண்ணியிருக்காங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு படிக்கிறப்போ.

அதனால நான் லேவியராகமத்தை தினசரி பயிற்சியா எடுத்தப்போ ஒரே ஒரு அளவுகோல்தான் வச்சுக்கிட்டேன்: ஒரு பலிக்கு நான் சொல்ற உள்ளர்த்தம் கை, கால், வாய் இதுல ஏதாவது ஒண்ணை அசைக்கலைன்னா அது என் கற்பனை, விட்டுடணும்.

அப்படிப் பார்க்கும்போது எல்லாத்துக்கும் முதல்ல வர்றது பலி இல்ல, சாம்பல். லேவியராகமம் 6ஆம் அதிகாரம் 8ல இருந்து 13 வரைக்கும் படிச்சுப் பாருங்க. சர்வாங்க தகனபலி ராத்திரி முழுக்க விடியற வரைக்கும் பலிபீடத்துல எரியணும். காலைல ஆசாரியன், அதாவது பலி செலுத்துற குரு, சணல்நூல் அங்கி போட்டுக்கிட்டு சாம்பலை எடுத்து பீடத்து பக்கத்துல கொட்டணும். அப்புறம் டிரஸ் மாத்திக்கிட்டு பாளயத்துக்கு வெளிய சுத்தமான ஒரு இடத்துக்கு அதைக் கொண்டு போகணும். அதுக்கு அடுத்து, காலைதோறும் விறகு அடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் அன்னைக்கான பலி.

இந்தச் சாம்பல் எடுக்கிற வேலையை ரெண்டாம் ஆலயக் காலத்துல எப்படி செஞ்சாங்கன்னு மிஷ்னாவுல, அதாவது கி.பி. 200 வாக்குல தொகுத்த யூத மரபு நூல்ல, அவ்வளவு கிட்ட இருந்து பார்த்த மாதிரி எழுதி வச்சிருக்காங்க. ஆரம்பத்துல இந்த வேலைக்கு போட்டி, யாரெல்லாம் செய்யணும்னு ஆசைப்படறாங்களோ பலிபீடத்து சரிவுப் பாதைல ஓடி ஏறுவாங்க, முதல்ல வர்றவனுக்கு வேலை. ஒரு தடவை ரெண்டு பேர் சமமா ஓடி, ஒருத்தன் தள்ளி இன்னொருத்தன் கால் உடைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் சீட்டுப் போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, சாம்பல் அள்ளுறதுக்கு அவ்வளவு போட்டி. சீட்டு விழுந்தவன் விடியறதுக்கு முன்னாடி தனியா உள்ள போவான், கூட யாரும் வர மாட்டாங்க, கையில விளக்கு கிடையாது, பலிபீடத்து நெருப்பு வெளிச்சத்துலயே நடக்கணும். அவனை யாராலயும் பார்க்க முடியாது, சத்தமும் கேக்காது. அப்புறம் தண்ணித் தொட்டிக்கு பென் கத்தீன்னு ஒருத்தர் செஞ்சு வச்ச மரச்சக்கரம் சுத்துற சத்தம் கேக்கும், சரி இப்போ அவன் கை கால் கழுவறான்னு வெளிய இருக்கிறவங்க தெரிஞ்சுப்பாங்க. அப்புறம் வெள்ளிக் கரண்டியை எடுத்துக்கிட்டு மேல ஏறி, கனலை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு, நடுவுல நல்லா எரிஞ்சு போனதை அள்ளிக்கிட்டு இறங்குவான்.

இதுல எனக்கு ரொம்ப நாள் உறைக்காத ஒரு விஷயம் என்னன்னா, அந்தச் சாம்பல் பாவம் இல்ல. அது நேத்து ஏத்துக்கிட்ட பலியோட மிச்சம். அதாவது நேத்து நடந்த நல்லது. நேத்து நல்லா வந்த ஜெபம், நேத்து ஒருத்தருக்கு செஞ்ச உதவி, நேத்து யாரோ பாராட்டினது, இதெல்லாம் அங்கயே குவிஞ்சு கிடந்தா இன்னைக்கு நெருப்புக்கு மூச்சு முட்டும். நான் வறண்டு கிடந்ததா சொன்னேனே, அதுக்கு முக்கியமான காரணமே இதுதான்னு இப்போ நினைக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு முகாம்ல கிடைச்ச அனுபவத்தை திரும்பத் திரும்ப நினைச்சு அதையே சூடு பண்ணிக்கிட்டு இருந்தேன், அது சாம்பல், எவ்வளவு ஊதினாலும் எரியாது. அதே சமயம் அதைக் குப்பைல கொட்டச் சொல்லல பாருங்க, சுத்தமான இடத்துக்குக் கொண்டு போகச் சொல்றாங்க, அதுக்கு ஒரு மரியாதை இருக்கு.

இப்போ காலைல ஜெபத்துக்கு முன்னாடி ஒரு நோட்டுல நேத்து நடந்ததுல ரெண்டே ரெண்டு வரி எழுதறேன், நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு, எழுதி நோட்டை மூடி வேற ரூம்ல வச்சிட்டு வந்துதான் உட்கார்றேன். எழுந்து நடந்து போய் வச்சிட்டு வர்றது முக்கியம்னு எனக்குத் தோணுது. மனசுலயே ஒதுக்கி வச்சா அது ஒதுங்கறதில்ல.

அடுத்தது விறகு. முதல் நெருப்பு மனுஷன் பத்த வச்சது இல்ல, லேவியராகமம் 9 கடைசில கர்த்தருடைய சந்நிதில இருந்து புறப்பட்டு வந்துச்சுன்னு இருக்கு. ஆனா அதுக்கப்புறம் விறகு வானத்துல இருந்து வரல. காலைதோறும் ஒரு ஆள் சுமந்து வந்து அடுக்கணும். வசனம் படிக்கிறது, பாடுறது, முழங்கால் போடுறது எல்லாம் எனக்கு விறகு. இது சில நாள் ஈரமா இருக்கும், புகையத்தான் செய்யும், அடுக்கிட்டே இருக்கணும், அதுக்கு மேல இதுல சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல.

சர்வாங்க தகனபலி, இதுதான் 'முழுசா ஒப்புக்கொடுக்கிறது'ன்னு எல்லாரும் சொல்ற பலி, தோலைத் தவிர மொத்தமும் எரிஞ்சு போகும். ஆனா முதல் அதிகாரத்துல அது எப்படி நடக்குதுன்னு பாருங்க. கொண்டு வந்த ஆளே மிருகத்தோட தலைமேல கை வைக்கணும், அந்த எபிரேயச் சொல்லுக்கு சும்மா தொடுறதுன்னு இல்ல, சாய்ஞ்சு ஊன்றதுன்னு அர்த்தம். வெட்டுறதும் அவன்தான். அப்புறம் தோலுரிச்சு துண்டு துண்டா வெட்டணும், தலை தனி, கொழுப்பு தனி, குடல்களையும் தொடைகளையும் தண்ணில கழுவணும். முழு மிருகத்தை அப்படியே தூக்கி நெருப்புல போட முடியாது. அதனால 'முழுசா'ங்கற அந்த ஒரு வரி ஜெபத்தை நான் நிறுத்திட்டேன். துண்டாக்கித்தான் வைக்கறேன். இன்னைக்கு இந்தக் கண்ணு எதைப் பார்க்கப் போகுது, இந்த நாக்கு யார்கிட்ட பேசப் போகுது, பதினொரு மணி மீட்டிங்ல எனக்கு வரப்போற கோபம், அந்த ஒரு ஆளைப் பார்த்தா வர்ற பொறாமை, ஒவ்வொண்ணா பேர் சொல்லி. அதுல ரெண்டு விஷயத்தை மட்டும் எக்ஸ்ட்ராவா கழுவச் சொல்லியிருக்கு, குடலும் காலும். உள்ள ஜீரணமாகாம கிடக்கிறதும் வெளிய தூசில நடக்கிறதும். ஏன் அந்த ரெண்டு மட்டும்னு வசனம் காரணம் சொல்லல, நான் எடுத்துக்கிட்டது என்னன்னா, இதை எதுக்காக செய்யறேன், எங்க போறேன், இந்த ரெண்டு கேள்வியைத்தான் நான் தினமும் கழுவ மறந்துடறேன்.

போஜனபலி, அதாவது மாவைக் கொண்டு வர்றது, எனக்கு வேலைக்குப் போறவங்களோட பலி. மத்தது எல்லாம் உயிரை வைக்கிறது, இதுல மட்டும் மனுஷ உழைப்பு இருக்கு, இடிச்சு, சலிச்சு, பிசைஞ்சு, அடுப்புலயோ தட்டுலயோ சட்டியிலயோ சுட்டு கொண்டு வரணும்னு மூணு விதமாவும் சொல்லியிருக்கு. இதுல உப்பு கட்டாயம், புளிச்ச மாவும் தேனும் பலிபீடத்துமேல எரிக்கக் கூடாது. புளிப்பு மாவை ஊதிப் பெருசாக்கும், தேன் எதையும் இனிப்பாக்கிடும், உப்பு கெடாம வைக்கும். நான் அனுப்புற ஒரு ரிப்போர்ட்ல செஞ்சதை விட பெருசா காட்டியிருக்கேனா, மேல இருக்கிறவருக்குப் பிடிக்கணும்னு கசப்பான ஒரு லைனை எடுத்துட்டேனான்னு சென்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கிறது, அவ்வளவுதான் என் போஜனபலி. இன்னொண்ணு, அந்த மாவுல ஒரு கைப்பிடிதான் நெருப்புக்குப் போகும், மிச்சம் ஆசாரியர்களுக்குச் சாப்பாடு. கடவுளுக்குன்னு செஞ்ச வேலைல பெரும்பகுதி யாரோ ஒருத்தரோட வயித்துக்குப் போகுதுன்னா அது வீணாகல, அதுவும் பரிசுத்தம்னு அங்க எழுதியே இருக்கு.

பாவநிவாரணபலி பத்தி ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், ஆனா அது என்னை ரொம்பத் தொட்ட விஷயம். அபிஷேகம் பெற்ற ஆசாரியன்னா காளை, பிரபுன்னா வெள்ளாட்டுக் கடா, சாதாரண ஜனம்னா பெண் ஆடு, அதுக்கும் வசதி இல்லைன்னா ரெண்டு காட்டுப்புறாவோ புறாக்குஞ்சோ, அதுவும் முடியலைன்னா எப்பாங்கற பழைய தானிய அளவுல பத்துல ஒரு பங்கு மாவு, சுமார் ரெண்டு லிட்டர் அளவு வரும். பதவி பெருசா இருந்தா பலியும் பெருசு, கீழ வர வர யாருக்கும் கதவு மூடறதில்ல. மிஷ்னாவுல இதைப் பத்தி ஒரு குறிப்பு இருக்கு, முதல் ரெண்டு அதிகாரத்துல மாட்டுக்கும் 'சுகந்த வாசனை', பறவைக்கும் அதே வார்த்தை, மாவுக்கும் அதே வார்த்தைதான், நிறைய கொண்டு வந்தாலும் கொஞ்சம் கொண்டு வந்தாலும் மனசு பரலோகத்தை நோக்கி இருந்தா ஒண்ணுதான்னு. ரெண்டு நிமிஷ ஜெபம்தான் முடியுதுங்கற ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இதை நான் சொல்லியிருக்கேன். இன்னொரு நுணுக்கம், பாவத்துக்கான அந்த மாவுல எண்ணெயும் தூபவர்க்கமும் போடக் கூடாது. தப்பை ஒத்துக்கும்போது வாசனை சேர்க்காதே. "நான் செஞ்சது தப்புதான், ஆனா அன்னைக்கு எனக்கு தலைவலி"ன்னு சொன்னா அந்த ரெண்டாம் பாதிதான் தூபவர்க்கம்.

குற்றநிவாரணபலிகிட்ட வந்தா இந்த உள்ளான பயிற்சி நிஜமா பொய்யான்னு தெரிஞ்சிடும். 6ஆம் அதிகாரம் ஆரம்பத்துல இருக்கு: ஒருத்தன் நம்பி கொடுத்து வச்சதை மறுத்தவன், கீழ கிடந்ததை எடுத்துட்டு இல்லைன்னு பொய் சொன்னவன், இவன் எடுத்த முதலை முழுசா திருப்பிக் கொடுத்து, அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு சேர்த்து, உரியவன் கையில கொடுக்கணும். நூறு எடுத்திருந்தா நூத்தியிருபது. அதோடதான் ஆட்டுக்கடா. கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு, அந்த ஆளுக்கு எதுக்குன்னு இதுல பேச முடியாது. மத்தேயு 5ல காணிக்கையை பீடத்துக்கு முன்னாடி வச்சிட்டு முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுன்னு இயேசு சொன்னதும் இதே ஒழுங்குதான்.

ஒரு தடவை என் கூட வேலை செஞ்ச ஒருத்தரைப் பத்தி சரியா தெரியாம ஒரு விஷயத்தை மூணு பேர்கிட்ட சொல்லிட்டேன். பின்னால அது உண்மை இல்லைன்னு தெரிஞ்சுது. நான் வீட்டுல முழங்கால் போட்டு அழுதேன், மனசு லேசாச்சு, அப்படியே விட்டுட்டேன். மூணு மாசம் கழிச்சு இந்த அதிகாரத்தை படிக்கும்போது 'முதல்'ங்கற வார்த்தைல நின்னுட்டேன். முதல்னா அந்த மூணு பேர்கிட்டயும் போய் நான் சொன்னது தப்புன்னு சொல்றது. அஞ்சுல ஒரு பங்குன்னா? அதையும் யோசிச்சேன். அவர்கிட்ட நேரா போய் நான் இப்படிப் பேசினேன்னு ஒத்துக்கிட்டேன், அப்புறம் அவர் செஞ்ச ஒரு வேலையைப் பத்தி எனக்கு நிஜமாவே தெரிஞ்ச நல்ல விஷயத்தை, யாரும் கேக்காமலே, அதே மூணு பேர் இருந்த இடத்துல சொன்னேன். அவர் உடனே சிரிச்சு கை கொடுத்துடல, கொஞ்ச நேரம் பேசாம நின்னார், "சரி"ன்னு மட்டும் சொன்னார். அன்னைக்கு ராத்திரி ஜெபிச்சது மாதிரி நான் அந்த மூணு மாசத்துல ஒரு நாள்கூட ஜெபிச்சதில்ல.

இதுல வரிசையும் கவனிக்கணும். சட்டம் சொல்லும்போது சர்வாங்க தகனபலில ஆரம்பிக்குது, ஆனா 9ஆம் அதிகாரத்துல முதல் பிரதான ஆசாரியனான ஆரோன் முதல் தடவையா செய்யும்போது பாவநிவாரணபலி முன்னாடி, அப்புறம் சர்வாங்க தகனபலி, கடைசில சமாதானபலி. கணக்கைத் தீர்த்துட்டு, தன்னைக் கொடுத்துட்டு, அப்புறம் சாப்பாடு.

ஆமா, சாப்பாடுதான். சமாதானபலில கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மிச்சம் கொண்டு வந்தவனும் அவன் ஜனமும் உட்கார்ந்து சாப்பிடணும். அதுவே ஸ்தோத்திரத்துக்கானதுன்னா அன்னைக்கே முடிச்சிடணும், மறுநாள் காலை வரைக்கும் ஒண்ணும் மீறக் கூடாது. ஒரு முழு ஆடு, கூடவே அப்பங்கள், ஒரே நாள்ல, எப்படி முடிப்பான்? ஆள் கூப்பிட்டாகணும். வேற வழியே இல்ல. பலிபீடத்துல எரிக்கக் கூடாதுன்னு தள்ளி வச்ச புளிச்ச மாவு அப்பம்கூட இந்த விருந்துக்கு வருது, 7:13ல பாருங்க, அதைப் படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. நன்றியை டைரில எழுதி சேர்த்து வைக்கிற பழக்கம் நல்லதுதான், ஆனா இந்தப் பலியோட கணக்குப்படி நன்றி அன்னைக்கே கெட்டுப் போற பொருள். அதனால ஏதாவது நல்லது நடந்தா அன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒருத்தருக்காவது போன் பண்ணி சொல்லிடறது, காரணமா இருந்தவர்கிட்ட முடிஞ்சா நேர்லயே சொல்லிடறதுன்னு வச்சிருக்கேன். சில பேருக்கு இது கூச்சமா இருக்கு, எனக்கும் முதல்ல இருந்துச்சு.

சாயங்காலம் ரெண்டாவது ஆட்டுக்குட்டி. இதுக்கு நான் புதுசா எதுவும் சேர்க்கறதில்ல, 141ஆம் சங்கீதக்காரர் செஞ்ச மாதிரி கையை மட்டும் தூக்கறேன், அன்னைக்கு அந்தக் கை என்ன செஞ்சுச்சோ அதோடவே. அப்புறம் படுத்துடறேன். அந்த ரெண்டாவது பலி ராத்திரி பூரா பலிபீடத்துலயே கிடந்து எரியும், யாரும் முழிச்சு உட்கார்ந்து ஊதிக்கிட்டிருக்க வேண்டியதில்ல, விடியறதுக்கு முன்னாடி எழுந்து வர்றவன் அள்ளப் போறது அதைத்தான்.